வளவுக்குள் இன்னொரு வீடு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டால் பழைய தலைமுறையினர் வளவின் பெயரைத்தான் சொல்வார்கள். காணி உறுதிகளும் அப்படியே எழுதப்பட்டன. முதலில் காணியின் பெயர், பிறகு பரப்புக் கணக்கு, அதன் பின்னரே அதிலுள்ள வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர். வளவு முதன்மையானது, வீடு அதற்குள் அடங்கியது. ஒரு வளவுக்குள் ஒரு வீடுதான் இருக்கவேண்டும் என்று அந்த உறுதிகளில் எங்கும் சொல்லப்படவில்லை.

மேல்நாடுகளில் அண்மைக் காலமாக ஒரு விடயம் பெரிதாகப் பேசப்படுகிறது. ஏற்கெனவே வீடுள்ள காணியில் இன்னொரு சிறிய வீட்டைக் கட்டிக்கொள்ள அனுமதித்தால், புதிதாகக் காணி வாங்க முடியாதவர்களுக்கும் குறைந்த செலவில் குடியிருக்க இடம் கிடைக்கும் என்கிறார்கள். இதற்கெனச் சட்டங்கள் இயற்றுகிறார்கள். மானிப்பாயில் வாழும் எனக்கு இதைப் படித்தபோது புதிய செய்தியாகத் தோன்றவில்லை. நாம் நெடுங்காலமாகச் செய்துவந்த ஒன்றுக்கு இப்போதுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் நம்மிடையே அது எவ்வாறு இருந்தது, யாருக்கு உதவியது, யாரை ஒடுக்கியது, எங்கே தடைப்பட்டது என்பதை ஒழுங்காக எழுதி வைத்தவர் சிலரே. இக்கட்டுரை அதற்கான ஒரு சிறு முயற்சி.

பழைய வளவு

கல்வீடும் ஓட்டுக்கூரையும் பரவலாவதற்கு முன் சாதாரண யாழ்ப்பாணக் குடும்பத்தின் இருப்பிடம் பல சிறு கட்டடங்களின் தொகுதியாக இருந்தது. பெட்டகமும் நெல்லும் வைத்துப் பூட்டும் அறைவீடு ஒன்று. வந்தவர்கள் இருக்கவும் ஆண்கள் படுக்கவும் தலைவாசல் ஒன்று. அடுப்புக்கென்று தனியே அடுக்களை. இவற்றோடு மாட்டுக்கொட்டில், வைக்கோற்போர். சுவர் மண், கூரை பனையோலை அல்லது கிடுகு. நடுவே முற்றம். சுற்றிலும் கதியால் நட்ட வேலி, ஒரு படலை. வசதி படைத்தோர் கட்டிய நாற்சார் வீடும் இந்தத் தொகுதியை ஒரே கூரையின் கீழ் முற்றத்தைச் சுற்றி இணைத்ததன் விளைவே எனலாம்.

இந்த அமைப்பில் இன்னொரு கொட்டிலைச் சேர்ப்பது கடினமான காரியமன்று. பனையோலையும், வேலியில் வெட்டும் தடியும், அயலவரின் கைகளும் போதும். மகள் மணமுடித்தால் ஒரு கொட்டில். விதவையாகித் திரும்பிவந்த சகோதரிக்கு ஒன்று. தனியே சமைத்துண்ண விரும்பும் கிழவிக்கு ஒரு பத்தி இறக்கிக் கொடுப்பார்கள். கிணறு ஒன்று, படலை ஒன்று, அடுப்பு மட்டும் இரண்டு. அடுப்புப் பிரிந்தால் குடும்பம் பிரிந்தது என்பது ஊர்க் கணக்கு. காணி பிரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தேசவழமையும் சீவிய உரித்தும்

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் ஆளுநர் கொர்னெலிஸ் ஜோன் சீமோன்சின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் இங்குள்ள வழமைகளைத் தொகுத்தார். தமிழில் பெயர்க்கப்பட்ட தொகுப்பைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பினர். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அதற்குச் சட்டவலு அளித்தனர். அதுவே தேசவழமை.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பகுத்த அந்தச் சட்டத்தில் சீதனம் பெண்ணுக்கு உரியது. நடைமுறையில் சீதனத்தின் தலையாய பொருள் வீடும் வளவும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கு வீட்டை எழுதிவிட்டால் பெற்றோர் எங்கே போவது? இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணம் கண்ட விடை இரண்டு. ஒன்று உறுதியில் இருந்தது: நன்கொடை எழுதும்போது பெற்றோர் தமது சீவிய உரித்தை ஒதுக்கிக்கொண்டனர். உயிருள்ளவரை அவர்களை அங்கிருந்து எழுப்ப முடியாது. மற்றையது வளவில் இருந்தது: பெரிய வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு, பின்வளவில் ஒரு சிறுவீட்டுக்குப் பெற்றோர் மாறினர். அடுத்த மகளுக்கும் வீடு வேண்டுமென்றால் அதே வளவின் இன்னொரு மூலையில் அத்திவாரம் வெட்டினர்.

தேசவழமையின் முன்வாங்கல் உரிமையையும் இங்கே குறிப்பிடவேண்டும். பங்காளிகளும் உரித்தாளிகளும் இருக்க, அவர்களுக்கு அறிவிக்காமல் காணியை வெளியாருக்கு விற்க முடியாது. 1947இல் இது தனிச் சட்டமாகவே ஆக்கப்பட்டது. ஒரே வளவில் இரண்டு மூன்று வீடுகள் இருந்து, கிணறும் பாதையும் பொதுவாகவும் இருந்தால், நடுவே அந்நியர் ஒருவர் வந்து சேர்வதை இது தடுத்தது. பிரிபடாத பங்கு என்ற ஏற்பாடு சிக்கலின்றி ஓடியதற்கு இவ்வுரிமையும் ஒரு காரணம்.

கிழக்கின் முறை

தேசவழமை தனியாள் சட்டம் என்ற அளவில் முஸ்லிம்களுக்கு உரியதன்று. அவர்களின் வாரிசுரிமையை 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் இறங்குரிமைச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. ஆயினும் கிழக்குக் கரையில் முஸ்லிம்களும் தமிழர்களும் வீடு விடயத்தில் ஒரே வழக்கத்தையே கைக்கொண்டு வந்திருக்கின்றனர். அக்கரைப்பற்றில் 1969 முதல் பல தடவை தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். மூத்த மகளுக்குத் திருமணமானால் வீடு அவளுக்கு. பெற்றோரும் மணமாகாத பிள்ளைகளும் சில காலம் கூட இருந்துவிட்டு, அருகில் கட்டிய வேறொரு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த மகளின் முறை வந்தால் அந்த வீடும் கைமாறும். காலப்போக்கில் ஒரு வளவைச் சுற்றி சகோதரிகளின் வீடுகள் அணிவகுத்து நிற்கும்.

அக்கரைப்பற்று, சம்மாந்துறை, காத்தான்குடி வாசகர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. மகளுக்கு வீடு கட்டுவதற்காகவே தந்தையும் சகோதரர்களும் ஆண்டுக்கணக்கில் மத்திய கிழக்கில் உழைத்த கதை எல்லா ஊரிலும் உண்டு. அந்தச் சுமையின் கொடுமையை மறந்து இம்முறையைப் புகழ்ந்துவிட முடியாது. ஆனால் அதன் மறுபக்கமும் உண்மை. பெண்ணின் பெயரில் வீடு இருந்தது. பிள்ளைப்பேற்றின்போது தாய் அடுத்த கதவில் இருந்தாள். மூப்படைந்த பெற்றோர் மகளின் கூப்பிடு தூரத்தில் இருந்தனர்.

கொட்டிலின் இருண்ட பக்கம்

வளவுக்குள் இருந்த இரண்டாவது குடிசை எப்போதும் உறவினருடையதாக இருக்கவில்லை. நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளரின் பனங்காணி ஓரங்களில் கொட்டில் போட்டு வாழ்ந்தனர். வாடகை பணமாகப் பெறப்படவில்லை. உழைப்பாகப் பெறப்பட்டது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபோதும் காணி அவர்கள் கைக்கு வரவில்லை. எழுத்தில் எதுவும் இல்லாததால், கூலி கூட்டிக் கேட்டவனையும், கோயிலுக்குள் நுழைய முயன்றவனையும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவனையும் “காணியை விட்டு எழும்பு” என்ற ஒரு வார்த்தையால் அடக்க முடிந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் அறுபதுகளின் பிற்பகுதியில் போராட்டங்கள் நடந்தன. அப்போராட்டங்களில் முன்னின்ற பலருக்கு முதலில் வந்த மிரட்டல் குடியிருப்பைப் பற்றியதே.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வளவுக்குள் இன்னொரு வீடு என்பது தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. சீவிய உரித்து எழுதப்பட்ட தாயின் சிறுவீடும், எதுவும் எழுதப்படாத கூலியாளின் கொட்டிலும் பார்வைக்கு ஒரே அளவானவை. ஒன்றில் இருந்தவளை எவரும் எழுப்ப முடியாது. மற்றதில் இருந்தவனை எந்த விடியலிலும் எழுப்பலாம்.

வாடகைக்கு விடப் பயம்

சீமெந்து வந்தபின் கொட்டில் போடும் இலகு போய்விட்டது. இரண்டாவது வீடு கட்டுவது பெருஞ்செலவானது. நகரங்களில் அதற்கு வேறொரு வடிவம் கிடைத்தது. கொழும்பில் வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கங்களில் பெரிய வீட்டின் ஓரத்தைத் தடுத்துத் தனிவாசல் வைத்து வாடகைக்கு விடும் பகுதியை ‘அனெக்ஸ்’ என்பார்கள். யுத்த காலத்தில் வடக்கிலிருந்து போன எத்தனையோ குடும்பங்களின் முதல் முகவரி ஒரு அனெக்ஸ்தான்.

ஆனால் வாடகைக்கு விடுவதில் வீட்டுக்காரருக்கு ஒரு அச்சம் இருந்தது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பாளரை எழுப்புவதைக் கடினமாக்கியது. 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை விதித்து, மேலதிக வீட்டை அதில் குடியிருப்பவரே வாங்க வழிசெய்தது. ஏழைக் குடியிருப்பாளருக்குப் பாதுகாப்பளிக்கும் நல்ல நோக்கத்தில் வந்த சட்டங்கள் இவை. அவற்றால் வீடு பெற்றவர்களும் பலர். ஆயினும் “வாடகைக்கு விட்டால் வீடு போய்விடும்” என்ற பேச்சு ஊர்களில் நிலைத்துவிட்டது. பின்வீடுகள் பூட்டிக் கிடந்தன. கொடுத்தாலும் எழுத்தில்லாமல் கொடுத்தார்கள். எழுத்தில்லாமையின் கெடுதி மீண்டும் குடியிருப்பவர் தலையிலேயே விழுந்தது.

இரண்டு ஒக்டோபர்கள்

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அந்த ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வழியாகவும் கோப்பாய் வழியாகவும் தென்மராட்சிக்கு நடந்தனர். இரண்டும் ஒன்றல்ல. நாங்கள் அடுத்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் வீடு திரும்பத் தொடங்கினோம். அவர்களில் பெரும்பாலானோருக்கு இருபது ஆண்டுகள் வரை அது வாய்க்கவில்லை. வேறு பலருக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. அவர்களை வெளியேற்றியது எங்கள் பெயரில் பேசிய ஓர் இயக்கம் என்பதும் நாம் மறக்கக்கூடாத வேறுபாடு.

இரண்டு வேளையிலும் மக்களை முதலில் தாங்கியவை பிறருடைய வளவுகளே. 1995இல் எனக்குப் பதினைந்து வயது. மீசாலையில் முன்பின் தெரியாத ஒருவரின் வளவில் ஆறு மாதம் இருந்தோம். அவருடைய வீட்டு விறாந்தையில் ஒரு குடும்பம், நெல் வைக்கும் மாலில் ஒரு குடும்பம், மாட்டுக்கொட்டிலைக் கழுவி மெழுகி எங்கள் குடும்பம். பதினெட்டுப் பேருக்கு ஒரு கிணறு. அந்த வீட்டுக்காரி அம்மா எங்களிடம் வாடகை கேட்கவில்லை. போகும்போது என் தாயார் கொடுத்த ஒரு சேலையையும் வாங்க மறுத்துவிட்டார்.

புத்தளத்திலும் கற்பிட்டியிலும் உள்ளூர் முஸ்லிம்கள் தங்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். பிறகு தென்னந்தோட்டங்களில் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. ஆறு மாதத்துக்கு என்று போட்ட குடிசையில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, மணம் முடித்தனர். விருந்தோம்பலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆண்டுகள் செல்லச்செல்ல நிலம், தண்ணீர், பாடசாலை இடம், வேலை எல்லாவற்றிலும் நெருக்கடி வந்தது. இரவல் காணியில் இருப்பவர் என்ற பெயர் இரண்டாம் தலைமுறைக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு காணி, ஒரு வீடு, ஒரு குடும்பம்

அழிவுக்குப் பின் வந்த வீட்டுத்திட்டங்கள் நன்றியுடன் நினைக்கத்தக்கவை. 2010இல் இந்தியா அறிவித்த 50,000 வீடுகள் திட்டத்தில் வடக்கு, கிழக்குப் பயனாளிகளுக்குப் புதிய வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. பயனாளியே கட்டினார். குறைந்தது 550 சதுர அடி. யாழ்ப்பாணத்தில் பலர் நகையை விற்றும் கடன்பட்டும் அதைப் பெரிதாக்கிக்கொண்டனர். ஆனால் இத்தகைய திட்டங்கள் யாவற்றுக்கும் அடிப்படையில் ஒரே கணக்குத்தான்: ஒரு காணித்துண்டு, ஒரு வீடு, ஒரு குடும்பம்.

வலிகாமத்து வளவு பெரிதானால் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். யாழ்ப்பாண நகரின் சோனகத் தெருவுக்குப் பொருந்தாது. அங்கே காணிகள் ஒழுங்கைகளில் நெருக்கமானவை. 1990இல் ஒரு வீட்டிலிருந்து வெளியேறிய ஒரு குடும்பம் 2009க்குப் பின் திரும்பியபோது நான்கு குடும்பங்களாக இருந்தது. பாட்டனாரின் இடிந்த வீடும் சில பேர்ச் நிலமும் மட்டுமே மிச்சம். அதில் யாருக்கு வீடு? தாயின் பெயரில் ஒன்று கிடைத்தால் மற்றப் பிள்ளைகள் காணியற்றவர் பட்டியலில் சேர்ந்தனர். சிலர் புத்தளத்திலேயே நின்றுவிட்டனர். அவர்கள் திரும்ப விரும்பவில்லை என்று சொல்லப்பட்டது. திரும்புவதற்கு ஒரு கூரை எங்கே என்று கேட்டவர்கள் குறைவு.

சுனாமிக்குப் பிறகு கிழக்கிலும் இதே கதை வேறு விதமாக நடந்தது. கரையிலிருந்து வடக்கு, கிழக்கில் 200 மீற்றரும் தெற்கில் 100 மீற்றரும் கட்டத் தடை என்று முதலில் அறிவிக்கப்பட்டது. சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான ஊர்களில் அதற்கு அப்பால் வெறும் நிலமே இல்லை. கொடுக்கப்பட்ட வீடுகளுக்குப் பல இடங்களில் குடும்பத் தலைவர் என்று கணவன் பெயர் எழுதப்பட்டது. பெண்ணுக்கே வீடு என்றிருந்த ஊரில் இது எத்தகைய மாற்றம் என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் எழுந்த 500 வீடுகள் வழக்கிலும் இழுபறியிலும் பத்தாண்டுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தன. அதே காலத்தில் உறவினர் வீட்டுப் பின்புறங்களில் இறக்கிய பத்திகளில் மனிதர்கள் நிறைந்திருந்தனர்.

கடல் கடந்த அனுபவம்

எங்கள் உறவினர் பலர் வாழும் ரொறன்ரோவிலும் இது நடந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் அங்கு போய்ச் சேர்ந்த தமிழர்கள் தொடங்கியது ‘பேஸ்மென்ற்’ எனப்படும் நிலக்கீழ்த் தளங்களில். அவற்றில் பல அனுமதியற்றவை. இரகசியமாக இருப்பதால் தீப்பாதுகாப்போ போதிய யன்னலோ இருக்கவில்லை. முறையிட்டால் வீடு போய்விடும் என்ற பயம். 1994இல் ஒன்ராறியோ அரசு அவற்றைச் சட்டபூர்வமாக்கியது. அடுத்து வந்த அரசு அதைத் திருப்பிக்கொண்டது. பின்னர் நகரமே படிப்படியாக வழிவிட்டது. 2018இல் பின்ஒழுங்கையை நோக்கிய சிறுவீடுகளுக்கும், 2022இல் பின்தோட்டச் சிறுவீடுகளுக்கும் ரொறன்ரோ அனுமதியளித்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் அதன்பின் வந்த திருத்தங்களும் உள்ளூர் நகரசபைகள் இத்தகைய வீடுகளை வீணே மறுக்க முடியாதபடி செய்தன.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. தடை செய்தபோது இரண்டாவது வீடு இல்லாமற் போகவில்லை. ஒளிந்து இருந்தது, ஆபத்தாக இருந்தது. ஏற்றுக்கொண்டபோதுதான் அதற்கு இரண்டாவது வாசலும் ஒழுங்கான மின்இணைப்பும் வந்தன.

இன்றைய தேவை

மானிப்பாயிலும் அயலூர்களிலும் பின்வீடுகள் மீண்டும் பெருகி வருகின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் மடங்குகளாக விலையேறியபின், காணி வாங்கி வீடு கட்டுவது சம்பளக்காரருக்கும் கனவாகிவிட்டது. என்னுடைய பாடசாலையில் அனுமதிப் பதிவேட்டை எழுதும்போது ஒரே முகவரியில் மூன்று வேறு குடும்பங்களின் பிள்ளைகளை எழுதுகிறேன். முன்வீட்டாருக்கு உறுதி உண்டு, மின்பட்டியல் உண்டு. பின்வீட்டார் முன்வீட்டிலிருந்து இழுத்த வயரில் விளக்கெரிப்பவர்கள். பெரிய பாடசாலைகளில் தரம் 1 அனுமதிக்கு வதிவிடச் சான்றுகளுக்கே புள்ளிகள் அதிகம். அந்தப் பிள்ளைகள் வேலிக்கு அப்பால் பாடசாலை இருந்தாலும் சான்று காட்ட முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எனவே செய்யவேண்டியவை என்று மூன்றைக் குறிப்பிடலாம். முதலாவது எழுத்து. உறவினரானாலும் பிறரானாலும், பின்வீட்டில் இருப்பவருக்குச் சீவிய உரித்தோ, குறித்த ஆண்டுக் குத்தகையோ, கிணற்றிலும் பாதையிலும் பாத்தியதையோ நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும். அது வீட்டுக்காரரின் அச்சத்தையும் போக்கும், குடியிருப்பவரின் அச்சத்தையும் போக்கும். நீண்டகால ஆட்சியால் காணி கைமாறும் என்ற பயத்துக்கும் விடை அதுவே. யுத்தத்தால் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக்கூடாது என்று 2016இல் தனிச் சட்டம் கொண்டுவரவேண்டி வந்ததை இங்கு நினைவுகூரலாம்.

இரண்டாவது தண்ணீர். குடாநாட்டுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறைக்குள் தேங்கும் மழைநீரே எங்கள் கிணறு. அதே பாறையின் வெடிப்புகளூடாக மலசலக் குழியின் கழிவும் இறங்கும். நைத்திரேற்று அளவு பல கிணறுகளில் கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பெரிய வளவில் இரண்டு வீட்டுக்கு இடமிருக்கும். ஐந்தாறு பேர்ச்சில் இரண்டு குழி வெட்டினால் இரண்டு வீட்டாரும் ஒரே நஞ்சைக் குடிக்க நேரும். அங்கே மேலே ஒரு மாடி எழுப்பிப் பொதுவான, நீர் கசியாத தொட்டி அமைப்பதே பொருத்தம். வரைபட அனுமதி வழங்கும் பிரதேச சபைகள் இந்த வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

மூன்றாவது கணக்கு. வீட்டுத்திட்டம் வகுப்பவர்கள் காணித்துண்டுகளை எண்ணாமல் அடுப்புகளை எண்ணவேண்டும். சோனகத் தெருவில் ஒரு துண்டு நிலத்தில் மூன்று சகோதரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வீடு கட்ட இணங்கினால், மூன்று குடும்பத்துக்குமான உதவியும் அந்தத் துண்டுக்கே போகவேண்டும். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது. படிவத்தில் ஒரு நிரலை மாற்றினால் போதும்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐசாக்ஸ் கேட்டு எழுதியது இங்குள்ள மக்களிடையே ஏற்கெனவே இருந்த வழமையைத்தான். தாய்க்கு இடம் விட்டு மகளுக்கு வீடு கொடுக்க அந்த வழமைக்குத் தெரிந்திருந்தது. கூலிக்காரனுக்கு இடம் கொடுத்து உரிமை மறுக்கவும் அதற்குத் தெரிந்திருந்தது. இன்று புத்தளத்தில் பிறந்து, பாட்டனின் ஒழுங்கையைத் தேடி வரும் ஓர் இளந்தம்பதியின் வீட்டுக் கதவு முன்பக்கம் திறந்தாலென்ன, பின்பக்கம் திறந்தாலென்ன? அக்கதவின் திறப்பு எழுத்தோடு அவர்கள் கையில் இருக்கவேண்டும்.